ஊரணியைத் தூர் வாரினா மட்டும் தண்ணி வந்துருமா? வரத்துக்கால் திறந்த வேலைப் பதிவு

பக்கத்து ஊர்ப் பயலுக ரெண்டு மூணு பேரு போன் பண்ணி "அண்ணே ஒங்க ஊரணி மட்டும் எப்படி நெறஞ்சுச்சு, நாங்களும் தூர் வாரித்தான வச்சிருக்கோம்"னு கேட்டாங்க. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாச் சொல்லி முடியாது, அதான் செஞ்சதை எல்லாம் இங்கயே எழுதிப் போட்டுர்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கங்க.

எங்க ஊரு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல இருக்கு. நாலு தெரு, அதுல ரெண்டு தெரு பூரா செட்டியார் வீடுக, பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு, ஒரு காவக்காரரு, ஒரு நாயி. ஊருக்கு நடுவுல ஊரணி, அதாவது மழைத் தண்ணியைப் புடிச்சு வைக்கிற ஊர்க் குளம், சுத்தியும் செம்புறாங்கல் படிக்கட்டு. சில வருசத்துக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல ஜேசிபி விட்டுத் தூர் வாரினாங்க, போர்டு நட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. அந்த வருசம் ஐப்பசி மழையில தெருவுல முழங்காலுக்குத் தண்ணி ஓடுது, ஊரணிக்குள்ள கணுக்கால் அளவு கூட இல்ல. இருந்ததும் பதினஞ்சு நாள்ல வத்திருச்சு. ஆனா தூர் வாருன போர்டு மட்டும் இன்னைக்கு வரைக்கும் கம்பீரமா நிக்குது.

இங்க வத்தாத ஆறுன்னு ஒண்ணும் கிடையாது, வருசத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதுலயும் பாதிக்குப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். அதைப் புடிச்சு வைக்கத்தான் அந்தக் காலத்துலயே ஊரையே ஒரு பெரிய புனல் கணக்கா அமைச்சிருக்காங்க. ஓட்டுல விழுற தண்ணி வளவுக்குள்ள, அதாவது வீட்டுக்கு நடுவுல, வானம் பாத்த முத்தத்துல எறங்கும், முத்தத்துலருந்து கல்லுத் தூம்பு வழியா தெருக் கால்வாய்க்கு வரும், தெருக் கால்வாய் எல்லாம் வரத்துக்கால்ல சேரும், வரத்துக்கால் ஊரணிக்குப் போகும், ஊரணி நெறஞ்சா கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும். செட்டிநாட்டு ஊருகளை 2014லயே யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல சேத்துட்டாங்க, வர்ற டூரிஸ்டுக எல்லாம் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான் போட்டோ எடுக்குறாங்க, அந்தக் கல்லுத் தூம்பைக் குனிஞ்சு பாத்த ஆளை நான் பாத்ததே இல்ல. எனக்கு என்னமோ அந்த வீடுகள்ல இருக்குற பெரிய இன்ஜினியரிங்கே அந்தத் தூம்புதான்.

சரி வேலைக்கு வருவோம். மே 1 கிராம சபையில பயலுக ஊரணியை மறுபடியும் தூர் வாரணும்னு மனு எழுதிட்டு வந்தானுங்க. நான்தான் "மொதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாப்போம்டா, அப்புறம் தோண்டலாம்"னேன். நான் காரைக்குடியில எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன், பாலிடெக்னிக்கோட சரி, சர்வேயர் எல்லாம் கிடையாது. ஆனா கரண்ட் வரலன்னா பல்பை மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது, வயரைப் பாக்கணும்ங்குற அளவுக்குத் தெரியும்.

மட்டம் பாக்க டியூப் லெவல் போதும். கொத்தனாருக வச்சிருக்குற அதே வெள்ளை டியூப்புதான், ஹார்டுவேர் கடையில கெடைக்கும், நீளமா வாங்குங்க. தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு நீலம் விட்டா கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும். உள்ள காத்துக் குமிழி ஒண்ணு கூட இருக்கக் கூடாது, இருந்தா மட்டம் பொய் சொல்லும், டியூப்பை மேல தூக்கித் தட்டித் தட்டி வெளியேத்திருங்க. ஒரு ஆளு ஊரணி மொகத்துல, ஒரு ஆளு தெரு மொனையில நின்னு ரெண்டு பக்கமும் தண்ணி நிக்குற எடத்துல சாக்பீஸ் கோடு போடணும். கோட்டுலருந்து தரை வரைக்கும் அளந்தா எந்த எடம் மேடு எந்த எடம் பள்ளம்னு தெரிஞ்சுரும். டியூப் எட்டுற தூரம் வரைக்கும் பாத்துட்டு அப்படியே அடுத்த கட்டத்துக்கு நகத்திக்கிட்டே போங்க. நாங்க 100 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம் இருந்தாப் போதும்னு வச்சுக்கிட்டோம், மண் கால்வாய்க்கு அது தாராளம்.

அளந்து பாத்தா விசயம் தெரிஞ்சு போச்சு. ரோடு. பழைய ரோட்டைச் சொரண்டி எடுக்காம அதுக்கு மேலயே ரோடு, அதுக்கு மேல இன்னொரு சிமெண்ட் ரோடுன்னு போட்டுப் போட்டு, தெரு மட்டம் கால்வாயை விட ஒரு அடிக்கு மேல ஒசந்து, தண்ணி கால்வாய்ல எறங்குற வாயெல்லாம் மூடிக் கெடக்கு. ஊரணிக்குப் போக வேண்டிய தண்ணி ரோட்டுலயே நின்னுக்கிட்டு அவன் அவன் வீட்டு வாசலுக்குள்ள போகுது. ஊரணியை நூறு அடி ஆழம் தோண்டினாலும் வராது.

வரத்துக்கால் எந்த எடத்துல போகுதுங்குறதே பாதிப் பேருக்குத் தெரியல. இங்கதான் நர்சிங் படிக்கிற எங்க சித்தப்பா மக ஒரு வேலை செஞ்சுச்சு. கவர்மெண்ட் இ-சர்வீஸ் சைட்ல புலப்படம், அதாவது நிலத்தை அளந்து போட்ட சர்வே படம், யாரு வேணாலும் பாக்கலாம், சர்வே நம்பர் தெரிஞ்சாப் போதும். அதைப் போன்லயே எறக்கி, ஊரணிப் புறம்போக்கு இது, வாய்க்கால் புறம்போக்கு இதுன்னு கலர் அடிச்சு பிரிண்ட் போட்டுக் கொண்டாந்துருச்சு. படத்துல கோடு இருக்கு, தரையில எதுவுமே இல்ல. அப்பத்தாவைக் கைத்தாங்கலாக் கூட்டியாந்தோம். எம்பது வயசுக்கு மேல இருக்கும், கண்ணு சரியாத் தெரியாது. வேப்பமரத்தைத் தொட்டுப் பாத்துட்டு கம்பை ஊனி, "இந்தா இந்த எடம்டா அப்பு, இங்கனதான் நாங்க தாண்டிக் குதிப்போம், அங்கிட்டு ஒரு சப்பட்டைக் கல்லு கெடக்கும் பாரு"ன்னுச்சு. கடப்பாரையைப் போட்டா டங்குன்னு சத்தம். முட்டளவு மண்ணை அள்ளிட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் செம்புறாங்கல் அடுக்குன கால்வாய், ஒரு கல்லு கூட நகரல. உள்ளே ஈர மண்ணு, சாசே பாக்கெட்டு, ஒரு ரப்பர் செருப்பு, அடியில வழுவழுன்னு கல்தளம். பயலுக அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கே போகல, போன் டார்ச் அடிச்சு அடிச்சுத் தோண்டிக்கிட்டே போனானுங்க. ஆயிரம் மீட்டிங் போட்டாலும் அந்த ஒரு டங்குச் சத்தத்துக்கு ஈடாகாது.

இனிமேதான் கஷ்டமான பகுதி. கால்வாய் மேல ஒரு மாமாவோட மாட்டுக் கொட்டகை. அவரு நல்ல மனுசன்தான், ஆனா கொட்டகையைத் தொடுறேன்னு சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது. பயலுக ரெண்டு பேரு நேரா போயி "இது புறம்போக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டானுங்க, அவரு "ஒங்கப்பன் வீட்டு மதிலைப் போயி அளந்துட்டு வாடா"ன்னு வெரட்டி விட்டுட்டாரு. அவரு கேட்டதும் ஞாயந்தான், அளந்தா பாதிப் பேரு வீட்டுப் படி கால்வாய்லதான் நிக்கும். அப்புறம் தங்கச்சி போச்சு, படத்தை விரிச்சு வச்சு, "மாமா நீங்களே பாருங்க, கொட்டகையைப் பிரிக்க வேணாம், கால் வச்சு நிக்குற எடத்தை மட்டும் ஒரு அடி தள்ளி வச்சுக்குவோம், கால்வாய் மேல சிலாப் போட்டுத் தர்றோம், மாடு அதுமேலயே நிக்கட்டும்"னுச்சு. அவரு படத்தையே பாக்கல. டீயைக் குடிச்சுட்டு, "சிலாப்பு கனமாப் போடுங்க, சினை மாடு நிக்கும்"னாரு. முடிஞ்சு போச்சு. மத்த வீட்டுப் படிகளுக்கும் அதே கணக்குத்தான், எங்க வீட்டுப் படியைத்தான் மொதல்ல உடைச்சோம், இல்லைன்னா எவன் வீட்டுப் படியையும் தொட்டிருக்க முடியாது.

செட்டியார் வீட்டுத் தூம்பு பாதி சிமெண்ட் வச்சு அடைச்சிருந்துச்சு, எலி வருதுன்னு. வீட்டுக்காரங்க சென்னை, கோலாலம்பூர்னு இருக்காங்க. காவக்காரரு போன்லருந்து வீடியோ கால் போட்டு ஆச்சிக்கிட்டப் பேசினோம். ஆச்சி மொதல்ல "வீட்டுக்குள்ள வெளி ஆளுக எல்லாம் வராதீக அப்பச்சி"ன்னாக. தூம்பு வெளிப்பக்கம்தான் ஆச்சின்னு காமிச்சோம். உத்துப் பாத்துட்டு, "எங்க ஐயா காலத்துல முத்தத்துல தண்ணி நின்னு நான் பாத்ததே இல்ல, போன மழையில நின்னு கல்லு பாசி புடிச்சுப் போச்சுன்னு காவக்காரரு சொன்னாரு, இதுதான் காரணமா"ன்னு அவுகளே சொன்னாக. எலிக்குக் கம்பி வலை வச்சுட்டு சிமெண்டை எடுத்துட்டோம். அடுத்த வாரமே அவுக பங்காளிக எல்லாம் பேசி புள்ளிக் கணக்குல, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு, ஒரு தொகை அனுப்பி வச்சாக, கேக்காமயே.

ரோட்டுக்கு அடியில பழைய குழாய்ப் பாலம் ஒண்ணு இருந்துச்சு, புதைஞ்சு போயி. ரோட்டை வெட்டவே இல்ல, நாமளா வெட்டவும் கூடாது, யூனியன் ஆபீசுல போயி நிக்கணும். குழாயை மட்டும் சுத்தம் பண்ணோம். மூங்கில் கம்பை ஒண்ணோட ஒண்ணு கட்டி உள்ள விட்டு, அந்தப் பக்கம் வந்ததும் கம்பு நுனியில தேங்காநார்க் கயிறைக் கட்டி இழுத்தாச்சு, கயிறு நடுவுல சாக்கைச் சுருட்டிக் கட்டி, ரெண்டு பக்கமும் நாலு நாலு பேரு நின்னு தேர் இழுக்குற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்தோம். மொதல்ல பாட்டில், அப்புறம் சேறு, அப்புறம் நாத்தம், கடைசியா வெளிச்சம்.

ஊரணிக்குள்ள வேலைன்னு பாத்தா சீமைக்கருவேல். வெட்டி விட்டா தளைச்சிரும், வேரோட புடுங்கணும், அதுக்கு ஜேசிபிதான். பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு ஏலம் விட்டு, கரிமூட்டம் போடுறவரு எடுத்துக்கிட்டாரு, காசு பஞ்சாயத்துக் கணக்குக்கே போச்சு. நாமளா வெட்டி வித்தோம்னு ஒரு பேச்சு வந்தா அதோட ஊர் வேலை அம்பேல், இதுல கவனமா இருங்க. வண்டல் மண்ணு அள்ளுறதுக்கும் அப்படித்தான், 2024லருந்து தாசில்தார் அளவிலயே அனுமதி குடுக்குறாங்க, வெவசாயிகளுக்கு இலவசம், எழுதிக் குடுத்துட்டு அள்ளுங்க.

இன்னொண்ணு, முன்ன தூர் வாருனப்ப நடுவுல ஆழம் வேணும்னு தோண்டி களிமண் தளத்தையே ஒடைச்சு விட்டுட்டாங்க. கீழ செம்புறாங்கல், அது சல்லடை, ஊத்துற தண்ணியெல்லாம் குடிச்சுரும். ஊரணிக்கு அடியில இருக்குற அந்த ஒட்டுக் களிதான் பாத்திரத்தோட அடி. "இன்னும் ஆழம் போங்க, இன்னும் ஆழம் போங்க"ன்னு கரையில நின்னு கத்துறவங்க பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க. கண்மாய்ல இருந்து களிமண்ணு கொண்டாந்து ஒடைஞ்ச எடத்துல தட்டையாப் பரப்பி, தண்ணி தெளிச்சு, ஒரு கீதாரிகிட்டச் சொல்லி ஆட்டு மந்தையை அதுமேல நாலு நடை ஓட்டிட்டுப் போகச் சொன்னோம். ஆட்டுக் குளம்பு மிதிச்சா ரோலர் தோத்துரும். ராத்திரிக் கிடை மட்டும் போட விடல, புழுக்கை சேரும்னு. அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, மறுபடியும் மந்தை.

படிக்கட்டுல கல்லெல்லாம் நல்லா இருக்கு, சந்துதான் போயிருச்சு. யாரோ எப்பயோ சிமெண்ட் பூசியிருக்காங்க, அது செம்புறாங்கல்லை விடக் கெட்டி, பேந்து வரும்போது கல்லு ஓரத்தையும் கடிச்சுட்டு வந்துருக்கு. எழுவது வயசுக் கொத்தனாரு ஒருத்தரு, எங்கய்யாவோட சேக்காளி, சுண்ணாம்புக் காரை கத்துக் குடுத்தாரு. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போடணும், கல்லுக்கு மேல தண்ணியை ஊத்தக் கூடாது, கொதிச்சுத் தெறிச்சா கண்ணு போயிரும், கண்ணாடி போட்டுக்கங்க, சின்னப் பசங்களைப் பக்கத்துல விடாதீங்க. நீத்துன சுண்ணாம்பை மூடி வச்சு ரெண்டு மூணு வாரம் ஊற விட்டுட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கு, சலிச்ச செங்கல் தூளு ஒரு பங்கு, மணலு ரெண்டு பங்கு. செங்கல் தூளை விட்டுறாதீங்க, வெறும் சுண்ணாம்பு காத்துப் பட்டாத்தான் இறுகும், தண்ணிக்குள்ள இறுகாது, செங்கல் தூளு சேந்தாத்தான் ஈரத்துலயும் புடிக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப் போட்ட தண்ணியில கொழைக்கணும். ஒரு பய "தாத்தா முட்டை எப்ப ஊத்துறது"ன்னு கேட்டான், யூட்யூப்ல பாத்துருக்கான். "அது பெரிய வீட்டுச் செவத்துக்குடா, மினுமினுன்னு இருக்க. படிக்கட்டுக்கு எதுக்கு முட்டை, வீட்டுல போயி ஆம்லேட் போட்டுத் தின்னு"ன்னாரு. பூசுன சந்து மேல ஈரச்சாக்கைப் போட்டு தெனமும் தண்ணி தெளிக்கணும், இதுக்கு ஆள் போட்டு வைங்க, எல்லாரும் செய்வாங்கன்னு விட்டா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க.

ஆளு விசயத்தையும் சொல்லிர்றேன். மொத ஞாயித்துக்கெழமை ஊரே வந்துச்சு, ரீல்ஸ் எடுத்தானுங்க, மஞ்சுவிரட்டுக்குக் கூட அவ்வளவு கூட்டம் இல்ல. அடுத்த வாரம் கால்வாசி. அதுக்காக நான் யாரையும் கோவிச்சுக்கல, திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும் வேலை பாக்குறவன் வாரா வாரம் எப்படி வருவான். காசு குடுங்கன்னு கேக்காம "ஜேசிபி ஒரு மணி நேரம் ஒன் பேருல ஓடட்டுமா"ன்னு கேட்டோம், சிங்கப்பூர்ல இருக்குறவன், துபாய்ல இருக்குறவன்லாம் மணிக்கணக்குல எடுத்துக்கிட்டானுங்க, ஓடுற நேரத்துக்கு வீடியோ அனுப்பிருவோம். ஊருக்குள்ள குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போடுற தலைக்கட்டு வரி தனி. கணக்கு பூரா தங்கச்சிகிட்ட, அன்னன்னைக்கு சாயங்காலம் பில்லு போட்டோவோட வாட்ஸ்அப் குரூப்ல வந்துரும், டீ வாங்குனது வரைக்கும். அதுக்கு முன்னாடி பொம்பளப் புள்ளைக டீ கொண்டாந்தாப் போதும்னு ஒரு பேச்சு ஓடுச்சு, புலப்படம் வந்த அன்னைக்கே அந்தப் பேச்சு நின்னு போச்சு.

இதை எழுதலாமான்னு யோசிச்சேன், எழுதிர்றேன். இந்த ஊரணியில அந்தக் காலத்துல எந்தத் தெரு ஆளு எந்தப் படித்துறைன்னு கோடு இருந்துச்சு, சில பேருக்குப் படித்துறையே இல்ல. வேலை பிரிக்கும்போது "அந்தத் தெருப் பயலுக அந்தப் பக்கம் பாக்கட்டும்"னு ஒரு பெரியவரு சொன்னாரு. பசங்க கேக்கல, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளு பிரிச்சானுங்க. பெரியவரு கோவிச்சுக்கிட்டுக் கொஞ்ச நாளு அந்தப் பக்கமே வரல. சமாதானம் பண்ண யாரும் போகல, அது சரின்னுதான் எனக்குப் படுது.

ஊரணிக்குள்ள தண்ணி எறங்குறதுக்கு முன்னாடி நாலடிக்கு நாலடி, மூணடி ஆழத்துக்கு ஒரு வண்டல் குழி எடுத்து கல்லுக் கட்டியிருக்கோம், மண்ணும் குப்பையும் அங்கயே தங்கிரும். பக்கத்துல ஒரு பலகை மடை, மொத மழைத் தண்ணி ரோட்டு அழுக்கைப் பூராக் கழுவிக்கிட்டு வரும், அதை வெளிய திருப்பி விட்டுட்டு ரெண்டாவது மழையிலருந்துதான் உள்ள விடணும். ஒரு ஏக்கர்ல 50 மில்லிமீட்டர் பெஞ்சா ரெண்டு லட்சம் லிட்டர், அதுல மூணுல ஒரு பங்கு ஓடி வந்தாக்கூட ஒரு லாரிக்குப் பத்தாயிரம் லிட்டர்னு வச்சு ஆறு லாரித் தண்ணிக்கு மேல. எங்க ஊரு எத்தனை ஏக்கர்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஐப்பசியில அடுத்தடுத்து ரெண்டு நாளு ராத்திரி பெஞ்ச மழைக்குப் படியில பாதி ஏறிருச்சு, கார்த்திகையில கலுங்கைத் தொட்டுருச்சு. இதை எழுதுற இப்ப மாசி, இன்னும் நாலு படிக்குத் தண்ணி நிக்குது, ஊரணிக் கெணத்துல கையில மோந்துர்ற மாதிரி கெடக்கு. குடிக்கறதுக்கு யாரும் எடுக்கல, எடுக்கவும் வேணாம், குழாய்ல காவிரித் தண்ணி வருது. குளிக்க, மாடு கழுவ, பக்கத்துக் கெணறு ஊற, அதுக்குத்தான் இது.

பாக்கி வேலை நெறைய இருக்கு. கலுங்குக் கல்லு ரெண்டு சரிஞ்சு நிக்குது, கோடையில பாக்கணும். வண்டல் குழியை மாசம் ஒருக்கா அள்ளுறதுக்கு முறை வச்சிருக்கோம், ரெண்டு முறை தவறிப் போச்சு, மார்ச் 22 கிராம சபையில அதைப் பஞ்சாயத்து வேலையாவே சேக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறோம். டியூப் லெவல் எங்க கடையிலதான் மாட்டி வச்சிருக்கேன், வேணும்ங்குற ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் குடுக்கும்போது உள்ள இருக்குற தண்ணியை வடிச்சுட்டுக் குடுங்க, போன தடவை பாசி புடிச்சு வந்துச்சு.